டன் கணக்கில் வாங்குவது விறகா, தண்ணீரா?

அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு எரிபொருள் கவலை அதிகமில்லை. நெல்லை அவிக்கத் தேவையான நீராவியை அதே நெல்லின் உமியே கொடுத்துவிடும். உமி கிடைக்காத மற்றவர்கள், அதாவது சலவைக்கூடம், பெரிய சமையல்கூடம், உணவுப் பொருள் தயாரிக்கும் சிறு ஆலை நடத்துபவர்கள், லாரியில் விறகு வாங்கி பாய்லர் எரிக்கிறார்கள். குளத்தில் வெட்டிய சீமைக்கருவேலம், மர மில்லில் மிஞ்சிய பட்டைக்கட்டை என்று எது வந்தாலும் எடைமேடையில் ஏற்றி, டன்னுக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் பாய்லருக்கு வேண்டியது வெப்பம். ஒரே எடையுள்ள இரண்டு லோடுகளில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு வெப்பம் தரக்கூடும். அந்த வித்தியாசத்தை எடைமேடை காட்டாது.

காரணம் ஈரம். பச்சையாக வெட்டிய மரத்தில் பெரும்பாலும் எடையில் பாதிக்கு நெருக்கமாகத் தண்ணீர் இருக்கும். அடர்த்தியான மரங்களில் கொஞ்சம் குறையலாம். ஈரமே இல்லாமல் உலர்த்திய ஒரு கிலோ மரம், எந்த மரமாக இருந்தாலும், ஏறக்குறைய 18.5 மெகாஜூல் வெப்பம் தரும். நம் ஊர்க் கணக்கில் இது சுமார் 4,400 கிலோகலோரி. ஈரம் 20 சதவீதம் என்றால் கிலோவுக்கு 14.3 மெகாஜூல்தான் கிடைக்கும். 45 சதவீதம் என்றால் 9.1.

இந்த இழப்பில் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதில் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.4 மெகாஜூல் போதும். அது கணக்கில் சிறிய பங்குதான். 10 டன் லோடில் 45 சதவீதம் ஈரம் என்றால் நான்கரை டன் தண்ணீர். அவ்வளவு மரம் லாரியில் ஏறவே இல்லை என்பதுதான் பெரிய இழப்பு. இதற்கு மேல் மூன்றாவது இழப்பு ஒன்றும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, அடுப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மரம் சூடேறும்போது முதலில் ஈரம் வெளியேறுகிறது. அப்புறம் 200 டிகிரியைத் தாண்டியதும் மரம் சிதைந்து வாயுக்களாகப் பிரிகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் இப்படி வாயுவாகவே போய்விடும். நாம் காணும் மஞ்சள் சுவாலை அந்த வாயு எரிவதுதான். மிஞ்சும் கரி கங்காகக் கனன்று கடைசியில் சாம்பலாகிறது. எனவே நல்ல பாய்லரில் காற்று இரண்டு இடங்களில் நுழைய வேண்டும்: கங்கு எரிய அடியிலிருந்து, வாயு எரிய மேலே. ஈர விறகைப் போட்டால் அடுப்பின் சூடு இறங்கிவிடும், வாயு முழுதாக எரியாது. புகைபோக்கியில் வரும் அடர்ந்த புகை எரியாமல் தப்பிப்போகும் எரிபொருள். அதில் ஒரு பகுதி குழாய்களில் கரியும் தாருமாகப் படிந்து, வெப்பம் தண்ணீருக்குப் போவதைத் தடுக்கிறது. காசு கொடுத்து வாங்கிய விறகு இப்படிப் புகையாகப் போவதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. அந்தப் புகையைச் சுவாசிப்பவர் பாய்லர் பக்கத்தில் நிற்கும் தொழிலாளி.

நம் பகுதியில் பருவமும் இதில் விளையாடுகிறது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் நெல்லை, தென்காசி மாவட்டங்கள் முழுக்க மழை. சித்திரையில் வந்த விறகும் கார்த்திகையில் வந்த விறகும் ஒரே ஆள் ஒரே குளத்தில் வெட்டியதாக இருந்தாலும் ஒரே எரிபொருள் அல்ல. பாய்லர்காரர் ஒவ்வொரு லோடுக்கும் காற்றை மாற்றி, போடும் அளவை மாற்றி, கண்ணால் பார்த்தே சமாளிக்கிறார்.

பெல்லட் என்ற மரக்குச்சி எரிபொருள் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு. மரத்தூளை அரைத்து, அழுத்தும் முன் தூளின் ஈரத்தை 10 முதல் 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, துளையுள்ள எஃகு டையின் வழியே பெரும் அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். உராய்வில் சூடு 100 டிகிரியை ஒட்டி ஏறும்போது மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி, தூளை ஒட்டவைக்கிறது, ஆறியதும் இறுகிவிடுகிறது. தனிப் பசை தேவையில்லை. வெளியே வருவது 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான துண்டு. நன்றாக அழுத்திய பெல்லட்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். மிதந்தால் அழுத்தம் போதவில்லை என்று பொருள்.

சரி, பெல்லட் என்று பெயர் வைத்ததாலேயே எல்லாம் ஒன்றாகிவிடுமா? ஆகாது. அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 17225 என்ற உலகத் தரநிலைத் தொகுப்பு 2014-ல் வந்தது. மர பெல்லட்டுக்கான அதன் இரண்டாம் பகுதி 2021-ல் திருத்தப்பட்டது. வீட்டுக்கும் சிறு வணிகத்துக்கும் ஏ1, ஏ2, பி என்று மூன்று வகுப்புகள். ஆலைகளுக்குத் தனியாக ஐ1, ஐ2, ஐ3. ஏ1, ஏ2, பி மூன்றிலும் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கன மீட்டர் பெல்லட் குறைந்தது 600 கிலோ எடை இருக்க வேண்டும். வெப்பம் கிலோவுக்குக் குறைந்தது 16.5 மெகாஜூல். சாம்பல் ஏ1-ல் 0.7 சதவீதத்துக்குள், ஏ2-ல் 1.2-க்குள், பி-யில் 2-க்குள்.

‘ஏ1 உயர்ந்தது, பி தாழ்ந்தது’ என்று இதைப் படிப்பது பாதிதான் சரி. இன்றைய மூட்டையும் அடுத்த மாத மூட்டையும் ஒரே மாதிரி இருக்கும் என்பதே இந்தத் தரம் தரும் பெரிய உறுதி. பாய்லரின் காற்றையும் ஊட்டும் வேகத்தையும் ஒரு தடவை சரியாக அமைத்துவிட்டால் அது அப்படியே ஓட வேண்டும். மாறாத எரிபொருள் இருந்தால்தான் அது நடக்கும்.

சாம்பல் விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஏமாற்றம் அதிகம் நடப்பது இதில்தான். சாம்பல் எவ்வளவு என்பதைப் போலவே, எந்தச் சூட்டில் உருகும் என்பதும் முக்கியம். உமியில் 15 முதல் 20 சதவீதம் சாம்பல் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் சிலிக்கா என்பதால் எளிதில் உருகாமல் பொடியாகவே கொட்டும். குழாயை அரிக்கும், ஆனால் கட்டியாகாது. வைக்கோலில் சிலிக்காவோடு பொட்டாசியமும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் 900 டிகிரிக்கும் கீழேயே இளகி, எரிபொருள் கிடந்து எரியும் இரும்புக் கிராதியில் கண்ணாடி மாதிரிக் கட்டிப்பிடிக்கும். பாய்லர்காரர்கள் கிளிங்கர் என்பது இதைத்தான். அது காற்று வரும் துளைகளை அடைத்துவிடும். பாய்லரை ஆறவைத்துக் கம்பியால் இடித்து எடுப்பதைத் தவிர வழியில்லை. தென்னை நார்த்தூளிலும் பொட்டாசியம் கூடுதல், குளோரினும் உண்டு. குளோரின் குழாயின் இரும்பை அரித்துவிடும் என்பதால் ஏ1 தரத்தில் அதற்கு 0.02 சதவீதம்தான் வரம்பு. வைக்கோல், கடலைத்தோல் போன்றவற்றில் செய்த பெல்லட்டுக்கு அதே தரநிலைத் தொகுப்பில் ஆறாம் பகுதி தனியாக இருக்கிறது. அதை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மர பெல்லட்டின் பெயரிலும் விலையிலும் அதை விற்கக் கூடாது.

சீமைக்கருவேலத்திலும் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஜே.சி.பி. வைத்து வேரோடு பிடுங்கும்போது கரிசல் மண்ணும் சேர்ந்து வருகிறது. பட்டையிலேயே சாம்பல் அதிகம். மண்ணும் சேர்ந்தால் இன்னும் ஏறும். மணல் கலந்த தூள், பெல்லட் செய்யும் டையையும் சீக்கிரம் தேய்த்துவிடும். தரமான பெல்லட் வேண்டுமென்றால் வேரையும் மண்ணையும் ஒதுக்கித் தண்டுப் பகுதியை எடுப்பதிலிருந்தே வேலை தொடங்க வேண்டும்.

உறுதிக்கும் சோதனை உண்டு. 500 கிராம் பெல்லட்டை ஒரு பெட்டியில் போட்டு 500 சுற்று உருட்டி, 3.15 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கிறார்கள். ஏ1 தரத்துக்கு 98 சதவீதம் உடையாமல் நிற்க வேண்டும். தூள் அதிகமானால் பெல்லட்டை பாய்லருக்குள் ஊட்டும் திருகில் அடைத்துக்கொள்ளும்.

விறகு பாய்லரில் பெல்லட்டை அப்படியே அள்ளிப் போட்டால் பலன் இல்லை. கிராதி இடுக்கு வழியாகப் பாதி கீழே விழுந்துவிடும். தொட்டி, ஊட்டும் திருகு, காற்றை அளந்து தரும் ஃபேன் ஆகியவை உள்ள பர்னர் வேண்டும். விலையை ஒப்பிடும்போது நீராவியை வைத்துக் கணக்குப் போடுவதே நியாயம். 30 டிகிரித் தண்ணீரை 7 பார் அழுத்த நீராவியாக்கக் கிலோவுக்குச் சுமார் 2.64 மெகாஜூல் தேவை. பெல்லட் பாய்லரின் திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ பெல்லட்டில் 5.3 கிலோ நீராவி வரும். 45 சதவீத ஈர விறகில், திறன் 65 சதவீதம் என்றால், 2.2 கிலோதான். 20 சதவீதத்துக்குக் காய்ந்த விறகில், திறன் 70 சதவீதம் என்றால், 3.8 கிலோ. அப்படியானால் ஈர விறகைப் போல 2.4 மடங்கு விலை கொடுத்தாலும் பெல்லட் கட்டுப்படியாகும். காய்ந்த விறகோடு ஒப்பிட்டால் 1.4 மடங்கைத் தாண்டினாலே எரிபொருள் செலவில் நஷ்டம். பக்கத்திலேயே விறகு கிடைக்கிறது, கொட்டகை போட இடமும் இருக்கிறது என்றால், முதல் செலவைக் கொட்டகைக்குச் செய்யுங்கள் என்பேன். ஆடிக்காற்று இலவசமாகக் காயவைத்துத் தரும்.

ஈரத்தை அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. விறகில் ஊசி குத்தி அளக்கும் மீட்டர்கள் பெரும்பாலும் உலர்ந்த மரத்தின் எடையை அடிப்படையாக வைத்துச் சதவீதம் காட்டும். எரிபொருள் தரங்களோ மொத்த எடையை வைத்துச் சொல்கின்றன. மீட்டரில் 25 என்றால் தரக் கணக்கில் 20. சரியான வழி, லோடின் பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்து, எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து மறுபடி எடை பார்ப்பது.

பெல்லட்டைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும். நனைந்தால் உப்பித் தூளாகிவிடும்; சாரல் அடிக்கும் ஊரில் பக்கவாட்டிலும் மறைப்புத் தேவை. அதைவிட முக்கியமானது உயிர் சம்பந்தப்பட்டது. மரத்தின் கொழுப்பு அமிலங்கள் காற்றோடு வினைபுரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. மூடிய பெல்லட் கிடங்குக்குள் இறங்கியவர்கள் இதனால் ஐரோப்பாவில் இறந்திருக்கிறார்கள். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய தொட்டி அமைப்பவர்கள் காற்றோட்டத்துக்கு வழி வைக்க வேண்டும். உள்ளே இறங்கும் முன் கதவைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, வாயு அளக்கும் கருவியில் பார்த்துவிட்டு, வெளியே ஓர் ஆளை நிறுத்தி வைத்த பிறகே இறங்க வேண்டும்.