கதிர் பொறுக்கும் பெண்களின் முதுகு

பிரெஞ்சு ஓவியர் மியே 1857-இல் வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' ஓவியத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்குகிறார்கள், தூரத்தில் பெரிய பெரிய கதிர்ப்போர்கள், குதிரை மேல் ஒரு மேற்பார்வையாளர். அதன் வெளிச்சத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பிசியோதெரபிஸ்டான எனக்குக் கண்ணில் படுவது முதுகுதான். இரண்டு பேர் இடுப்பிலிருந்து மடங்கித் தரையைத் தொடுகிறார்கள், மூன்றாமவள் முழுசாகக் குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போய்விட்டு இடுப்பு வலியோடு வருகிற அக்காமார்கள் பலர் என் முன்னால் நிற்பதும் அதே பாதிக் குனிவில்தான்.

முழுக்கக் குனிந்ததும் முதுகுத் தசைகள் கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடும், பாரம் முழுக்க எலும்புகளை இணைக்கும் நார்கள் மீதும், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் மீதும் விழும். அப்படியே வெகுநேரம் இருந்தால் அந்த நார்கள் மெல்ல இளகி நீண்டுவிடும், நிமிர்ந்த உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் குனிந்து எழுந்த சூட்டோடு மூட்டையைத் தூக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சில நிமிடம் நடந்துவிட்டு, அப்புறம் தூக்குங்கள்.

இன்னொரு ஓவியர் ப்ரூகல் 1565-இல் வரைந்த 'அறுவடை செய்வோர்' ஓவியம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஆண்கள் நீண்ட பிடி போட்ட அரிவாளால் நின்றபடி அறுக்கிறார்கள், கட்டுக் கட்டும் பெண்கள் குனிந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் மரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒருவர் கால் பரப்பித் தூங்குகிறார். வேலைக்குச் சமமாக ஓய்வையும் வரைந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும், வயலில் அந்த நிழல் கூலியைப் போலவே அவசியம்.

குனிவது தலையெழுத்தும் இல்லை. கலிஃபோர்னியாவில் குட்டைப் பிடி களைக்கொத்தியால் தொழிலாளர்களின் முதுகு கெடுகிறது என்று போராடி 1975-இல் அதற்குத் தடையே வாங்கினார்கள். ஆள் வைத்து வேலை வாங்குபவர்கள் நீளப் பிடி போட்ட கருவி கொடுங்கள், ஒரே ஆளை நாள் முழுக்கக் குனிய வைக்காமல் வேலையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். வேலை செய்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறையாவது நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, மெதுவாகப் பின்னால் வளையுங்கள்.

இடுப்பு வலியோடு கால் மரத்துப் போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.