பாறைக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள்

உதகையில் மார்கழி, தை மாதங்களில் காய்ச்சல், இருமல் என்று வருபவர்களிடம் நான் கேட்கும் ஒரு கேள்வி பலருக்குச் சிரிப்பை வரவழைக்கிறது: "வீட்டில் கடல்நீர்த் தொட்டி இருக்கிறதா?" அதில் வளர்க்கும் சில உயிர்களின் நஞ்சும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால்தான் கேட்கிறேன்.

தொட்டியில் பவளம் வளர்க்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று: கல்பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் வாங்காதீர்கள். தொட்டி ஆர்வலர்கள் பலர் நாடுவது பட்டன் பாலிப் எனப்படும் ஸோவாந்தஸ், பாலித்தோவா வகைகளை; பவளத்துக்கு உறவான, பாறையில் ஒட்டி வளரும் பொத்தான் போன்ற சிறு கடலுயிர்கள் இவை. நீல விளக்கில் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்பவை. இவற்றில் சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. எதில் இருக்கிறது என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. செல்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பை இது திறந்துவிட்ட மதகாக்கிவிடும். முறிமருந்து கிடையாது.

குன்னூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மகன் மூவருக்கும் ஒரே மாலையில் நடுக்கம், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம். "இரும்பை வாயில் வைத்தது போல் கசக்கிறது டாக்டர்" என்றார் அம்மா. சளிக்காய்ச்சல் இப்படி மூவரையும் ஒரே மணி நேரத்தில் பிடிக்காது. துருவிக் கேட்டபோது விஷயம் வந்தது. படமெடுக்க அசிங்கமாக இருக்கிறதென்று, பழுப்பு பாலிப் மண்டிய பாறையை மகன் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, கொதிநீர் ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். வெளியே உறைபனி, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

கொதிக்க வைத்தால் எதுவும் செத்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு ஊறியது. உதகை உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, 100 டிகிரியானாலும் பாலிப்தான் சாகும். நஞ்சு ஆவித்துளிகளோடு எழுந்து அறை முழுக்கப் பரவும். சமவெளியில் காற்றோட்டம் கொஞ்சமாவது காப்பாற்றும். நம் வீடுகளில் அதற்கும் வழியில்லை.

படத்துக்காகப் பாறையைத் தொடவே வேண்டாம். தொட்டிக் கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து, நீரில் அலை எழுப்பும் பம்பை நிறுத்தி, கேமராவைக் கண்ணாடிக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் உருவம் கலங்கும். நீல வெளிச்சம் படத்தை விழுங்கினால் லென்ஸ் முன் ஆரஞ்சு ஃபில்டர் போதும். பாலிப்பை வெட்டியே ஆக வேண்டுமென்றால் நீருக்கடியில் வெட்டுங்கள். கையுறை மட்டும் போதாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். கண்ணில் ஒரு துளி தெறித்தாலே கருவிழி புண்ணாகலாம். ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.

வாய் கசந்தால் முதலில் எல்லோரும், நாய்க்குட்டி உட்பட, வீட்டைவிட்டு வெளியேறுங்கள். மருத்துவமனையில் "சளி" என்று மட்டும் சொல்லாதீர்கள். தொட்டியையும் பாறையையும் சொன்னால்தான் இரவுப் பணி மருத்துவர் இசிஜியும், தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் கூடலாம். அன்றிரவு தங்கச் சொன்னால் தங்கிவிடுங்கள்.