மலத்தில் புழு இல்லையா? ஈறைப் பாருங்கள்

நாய்க்குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டால், "மலத்துல பூச்சியே வரலையே டாக்டர்" என்பதுதான் சேலத்தில் நான் அதிகம் கேட்கும் பதில். வெள்ளையாக நீளமாக நெளியும் உருண்டைப்புழு வந்தால் யார் கண்ணிலும் படும். எனக்குப் பயம் கொக்கிப்புழுவைப் பார்த்துத்தான். ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், குடல் சுவரைக் கடித்துக்கொண்டு உள்ளேயே இருந்து ரத்தம் குடிக்கும், மலத்தில் அநேகமாகத் தெரியவே தெரியாது.

குட்டியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிப்போய், மலமும் கருப்பாகப் பிசுபிசுவென்று வந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள். அந்த நிலையில் மாத்திரை மட்டும் போதாது, சில குட்டிகளுக்கு ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும்.

"வீட்டை விட்டு வெளியவே விடலையே" என்பார்கள். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடும், கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் இருப்பதுபோல் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் அதன் இளம்புழு பாதத் தோல் வழியாகவும் ஏறும். வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளையும் அது விடாது, தோலுக்கடியில் வளைந்து வளைந்து ஊர்ந்து கடும் அரிப்பைக் கொடுக்கும்.

வரும்போது அன்று காலை போட்ட மலத்தில் கொஞ்சம் டப்பாவில் கொண்டுவாருங்கள். உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதக்கும் முட்டைகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். முட்டை இல்லை என்றதும் நிம்மதியாகிவிட முடியாது, ஏனென்றால் புழு வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று வாரமாவது ஆகும், அதற்குள் அது ரத்தம் குடிக்க ஆரம்பித்திருக்கும். அதனால்தான் சோதனைக்குக் காத்திராமல் 2, 4, 6, 8 வாரங்களில் மருந்து கொடுக்கிறோம், அப்புறம் ஆறு மாதம் வரை மாதாமாதம், பிறகு பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடை போட்டுத்தான் அளவு, கண்மதிப்பில் பாதி மாத்திரை வேண்டாம். பூண்டு அரைத்து ஊற்றவே கூடாது, அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும்.

ஆசனவாயைச் சுற்றி அரிசி மாதிரி துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. குட்டிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரன்டல் அதைத் தொடாது, பிராசிகுவான்டல் வேண்டும். தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது என்பதால் தெள்ளை ஒழிக்காவிட்டால் திரும்ப வரும்.

மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். உருண்டைப்புழு முட்டை தொற்றும் பக்குவத்துக்கு வர மண்ணில் சில வாரம் கிடக்க வேண்டும், அந்த அவகாசத்தைக் கொடுக்காதீர்கள். குட்டிகளுக்கு மருந்து கொடுக்கும்போது தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள், நிறைய வீடுகளில் தாயைத்தான் மறந்துவிடுகிறார்கள்.