42 நாள், ஏழு ஆண்டு, அதற்குப் பிறகு?

கொலை, விபத்து வழக்குகளை விட்டுவிட்டால், ஒரு பெண் ஏன் இறந்தாள் என்று அரசாங்கம் துருவித் துருவிக் கேட்பது இரண்டு கட்டங்களில்தான். கர்ப்பத்திலோ பிரசவமாகி 42 நாளுக்குள்ளோ இறந்தால் அது தாய் மரணம்; அதற்கென்று ஆய்வுக் கூட்டம் உண்டு. கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் சந்தேகப்படும்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை. நாற்பத்தேழு வயதில், மூன்று நாள் தோள்பட்டை வலியோடு நடமாடி, நான்காம் நாள் விடிகாலையில் இறந்தவளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 'நெஞ்சு வலி' என்று எழுதிச் சான்றிதழ் வாங்கிவிடுவார்கள்.

மருத்துவராகப் பணியில் சேர்ந்த புதிதில் அந்தத் தாய் மரணக் கூட்டங்களில் கைகால் உதற உட்கார்ந்திருக்கிறேன். ரத்தப்போக்கு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? வண்டி எப்போது கிளம்பியது? ரத்தம் ஏன் கையிருப்பில் இல்லை? ஒவ்வொரு கேள்வியும் அடுத்த பிரசவத்தில் யாரோ ஒருத்தியைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நம்புகிறேன். 2004–06இல் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 254 தாய்மார் இறந்தார்கள். 2018–20இல் அது 97. தமிழ்நாட்டில் 54.

ஆயுளும் கூடியிருக்கிறது. 1970–75இல் இந்தியப் பெண்ணின் சராசரி ஆயுள் 49 வயது. ஆணுக்கு அதைவிட ஒன்றரை வயது கூடுதல். 2016–20இல் பெண்ணுக்கு 71.4, ஆணுக்கு 68.6. பிரசவத்தில் பிழைத்த பெண்கள் நடுவயதுக்கு வந்திருக்கிறார்கள். அங்கே அவர்களுக்காகக் காத்திருப்பவை ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் புற்றுநோயும்.

மாமியாரை மாதந்தோறும் சர்க்கரை மாத்திரைக்கு அழைத்துவரும் மருமகள் ஒருவர். நோட்டுப் புத்தகம், பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் மஞ்சள் பையில் ஒழுங்காக இருக்கும். ஒருநாள், "நீங்களும் கையை நீட்டுங்கள்" என்றேன். "எனக்கு ஒன்றுமில்லை டாக்டரம்மா, அத்தையைப் பாருங்கள்" என்று முந்தானையால் கையை மூடிக்கொண்டார். வற்புறுத்திப் பார்த்தால் ரத்தக் கொதிப்பு 190/110. தலைவலிக்குத் தைலம் தேய்த்தே பல மாதங்களை ஓட்டியிருக்கிறார். மூன்று ஆண்டுகளாக என் மேஜைக்கு எதிரிலேயே நின்றவர். நானும் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெண்களின் மாரடைப்புக்கு நம் வீடுகளில் வைத்திருக்கும் பெயர் 'வாய்வு'. பெருங்காயம், இஞ்சிச் சாறு, ஒரு சோடா. நடுநெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல் வலிப்பது பெண்களுக்கும் உண்டு. ஆனால் தாடை வலி, முதுகு வலி, மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி, குமட்டல் என்று சுற்றி வளைத்து வருவதும் அவர்களுக்கு அதிகம். இப்படித் திடீரென்று வந்தால், சமையலை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்னைக் கோபப்படுத்துகிற நோய். முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டு அவகாசம் தருகிறது. நீர்த்த அசெட்டிக் அமிலம், கிட்டத்தட்ட நம் வினிகர்தான், தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், சந்தேகத்துக்குரிய இடம் வெள்ளையாகத் தெரியும். வலி கிடையாது. இருந்தும், 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் இந்தப் புற்றுநோய்க்கான சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் 'உஷ்ணம்' என்று விட்டுவிடாதீர்கள்.

தற்கொலையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 2016இல் உலகில் தற்கொலை செய்துகொண்ட பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இந்தியப் பெண் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இப்போது துணைக்கு வருகிற பெண்களுக்கும் ஒரு சீட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். வரிசை வாசல் தாண்டிப் போகிறது என்று சீட்டு எழுதுபவர் தினமும் முணுமுணுக்கிறார். போகட்டும். அந்த மருமகளின் மஞ்சள் பையில் இப்போது இரண்டு நோட்டுகள் இருக்கின்றன.