எல்லா அறைக்கும் வெள்ளை விளக்கு வேண்டாம்

ஒயரிங் முடிந்து, பெயின்ட் காய்ந்து, விளக்கு வாங்கும் கட்டம் வந்ததும் பெரும்பாலான வீடுகளில் எனக்குக் கிடைக்கும் உத்தரவு ஒன்றுதான்: “எல்லா அறைக்கும் வெள்ளையே போட்டுவிடுங்கள் தம்பி.” மதுரை வில்லாபுரத்தில் கட்டிய சிறு வீடானாலும், ஒத்தக்கடைப் பக்கம் எழும்பிய மாடி வீடானாலும் இதில் மாற்றமில்லை. கடையில் போய் ஒன்பது வாட்ஸ் பல்பு என்று மட்டும் கேட்டால், கையில் எடுத்துத் தருவதும் பெரும்பாலும் 6500 கெல்வின் கூல் டே லைட் என்ற நீலம் தட்டும் வெள்ளைதான். டைல்ஸுக்கும் தலைவாசல் கதவுக்கும் வாரக்கணக்கில் அலைந்தவர்கள், விளக்கை மட்டும் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். இருட்டிய பிறகு அந்த டைல்ஸும் கதவும் எந்த நிறத்தில் தெரியும் என்பதையே விளக்குதான் முடிவு செய்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிட நினைக்கிறேன்.

மஞ்சள் ஏன் வேண்டாம் என்று கேட்டால் மூன்று காரணங்கள் வரும். சூடாக இருக்கும், கரண்ட் அதிகம் இழுக்கும், வெளிச்சம் மங்கலாக இருக்கும். குண்டு பல்பு எரிந்த காலத்தில் இவை மூன்றும் உண்மை. டங்ஸ்டன் இழையைப் பழுக்கக் காய்ச்சி வெளிச்சம் எடுத்த அந்த பல்பு, வாங்கிய மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியே விட்டது. எல்.ஈ.டி. விளக்கில் நிலைமை வேறு. உள்ளே இருக்கும் சிறு சில்லு நீல ஒளியைத்தான் தருகிறது. அதன்மேல் பூசியிருக்கும் பாஸ்பர் பொடி அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. எல்லாம் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பொடியின் கலவையை மாற்றினால் மஞ்சள் சாயல். குறைத்தால் நீலச் சாயல். அந்த நீலச் சில்லை உருவாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே 9 வாட்ஸ் மஞ்சள் எல்.ஈ.டி.யும் 9 வாட்ஸ் வெள்ளை எல்.ஈ.டி.யும் எடுக்கும் மின்சாரம் ஒன்றே, அறைக்குள் விடும் சூடும் ஒன்றே. தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மின்வாரியக் கணக்கெடுப்பின் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட் ஆகும். அதே நேரம் எரியும் 60 வாட்ஸ் குண்டு பல்புக்கு 18 யூனிட். வெளிச்சத்தில் மட்டும் மஞ்சள் எல்.ஈ.டி. சற்றுக் குறையும், அதுவும் அளந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சிறியது.

பெட்டியில் போட்டிருக்கும் கெல்வின் எண் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்வது. வெளிச்சத்தின் அளவை அல்ல. கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், மேலும் சூடேறினால் வெளுக்கும். இந்த எண்ணும் அந்த வரிசையில்தான் ஏறுகிறது. குத்துவிளக்குச் சுடர் ஏறத்தாழ 1900, பழைய குண்டு பல்பு 2700, நடுத்தரமான நேச்சுரல் ஒயிட் 4000, நீலம் தட்டும் வெள்ளை 6500. வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமன். வாட்ஸை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இரண்டையுமே பார்ப்பதில்லை.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது படுக்கையறையைப் பற்றி. நம் கண்ணில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, பகலா இரவா என்பதை உடலுக்குத் தெரிவிக்கும் தனிச் செல்களும் இருக்கின்றன. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அவை மிக நன்றாக விழித்துக்கொள்ளும். அவை விழித்திருக்கும்வரை தூக்கத்துக்குரிய மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். இரவு பத்து மணிக்கு 6500 கெல்வின் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரின் உடலுக்கு இன்னும் பொழுது சாயவில்லை. “படுத்தால் பன்னிரண்டு மணிவரை தூக்கம் வருவதில்லை” என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்க்கிறேன். தூக்கம் வராததற்கு வேறு காரணங்களும் இருக்கும். கைப்பேசிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் 2700 அல்லது 3000 கெல்வின் விளக்குக்கு மாறுவது எல்லோராலும் முடிந்த காரியம்.

இதைச் சொன்னவுடன், வெள்ளை எல்.ஈ.டி. கண்ணைக் கெடுத்துவிடுமோ என்று சிலர் பயந்துபோகிறார்கள். அப்படி இல்லை. மதுரையின் உச்சி வெயிலில் வெளியே நின்றால் ஒரு லட்சம் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சம் விழுகிறது. வீட்டு ஹாலில் இரவில் இருப்பது நூற்றைம்பது, இருநூறு. வீட்டு பல்பின் நீல ஒளியால் விழித்திரை பழுதாகாது. பிரச்சினை, அது இரவில் எரிவதுதான்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து, ஒளியைக் குறைவாக உள்ளே விடும். இருபது வயதுக்காரருக்குப் போதும் வெளிச்சத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அறுபது வயதில் தேவைப்படும். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது; கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஒருவராவது இல்லாத தெரு இங்கே அரிது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெரியவர்கள், “விளக்கை மாற்றிவிட்டீர்களா, எல்லாம் நீலமாகத் தெரிகிறதே” என்று கேட்பதுண்டு. விளக்கு மாறியிருக்காது. இத்தனை நாள் நீலத்தை வடிகட்டிவந்த பழைய லென்ஸ் போய், தெளிவான லென்ஸ் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களின் அறையில் 6500 கெல்வின் விளக்கு நேரே கண்ணில் படும்படி இருந்தால் கூச்சம் தாங்க முடியாது. 3000 கெல்வினில் தேவையான லூமனைக் கூட்டி, ஒளியைப் பரப்பும் மூடியுள்ள விளக்காகப் பார்த்துப் போடுங்கள். மாடிப்படியின் முதல் படியும் கடைசிப் படியும் நிழலில் விழாதபடி இருக்க வேண்டும் என்பது இதைவிட முக்கியம்.

எவ்வளவு லூமன் வேண்டும்? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஏறத்தாழ 2000 லூமன் தரும் 20 வாட்ஸ் எல்.ஈ.டி. டியூப் ஒன்று பொது வெளிச்சத்துக்குப் போதும். சுவர் வெளிர் நிறமாக இருந்தால் இந்தக் கணக்கு. அடர் பச்சையோ ஊதாவோ அடித்த சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அங்கே இன்னொரு விளக்கு வேண்டியிருக்கும். மங்கலான வெள்ளையைவிட மங்கலான மஞ்சள் எவ்வளவோ மேல் என்பதும் என் அனுபவம். ஐந்து வாட்ஸ் வெள்ளை பல்பு ஒன்று மட்டும் எரியும் அறையில் ஆட்களின் முகம் வெளிறி, நோய்வாய்ப்பட்டதுபோல் தெரியும்.

அடுத்தது நிறத்தை உள்ளபடி காட்டும் திறன். சி.ஆர்.ஐ. என்று பெட்டியில் இருக்கும். சூரிய ஒளிக்கும் குண்டு பல்புக்கும் இது நூறு அல்லது நூறை ஒட்டி. சந்தையில் கிடைக்கும் சாதாரண எல்.ஈ.டி.க்கு எண்பது, மலிவு விளக்குகளில் அதற்கும் கீழே போகும். சுங்குடிச் சேலையை வீட்டிலிருந்தே விற்கும் ஒரு குடும்பத்தில் இதன் விளைவை நேரில் பார்த்தேன். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி வியாபாரம் செய்கிறார்கள். அரக்குச் சிவப்புச் சேலை பழுப்பாக வந்திருக்கிறது, குங்கும நிறம் செங்கல் நிறமாக இருக்கிறது என்று வாங்கியவர்கள் புகார் சொல்ல, கைப்பேசிதான் பழுது என்று எண்ணி அதையே மாற்றியிருக்கிறார்கள். அறையில் இருந்தவை மலிவான வெள்ளை பல்புகள். அவற்றின் ஒளியில் அடர் சிவப்பு மிகக் குறைவு. விளக்கில் இல்லாத நிறத்தைத் துணி எப்படித் திருப்பிக் காட்டும்? சி.ஆர்.ஐ. கணக்கிடும் சராசரியில் எட்டு வெளிர் நிறங்களைத்தான் சேர்க்கிறார்கள். அடர் சிவப்பு ஒன்பதாவது, சராசரிக்கு வெளியே நிற்கிறது. அதனால் எண்பது என்று அச்சிட்ட விளக்கிலும் சிவப்பு மங்கலாம். அவர்களுக்குத் தொண்ணூறுக்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ள 4000 கெல்வின் விளக்கு இரண்டை இருபுறமும் பொருத்திக் கொடுத்தேன். விலை கூடுதல்தான். ஆனால் புவிசார் குறியீடு பெற்ற சேலையின் சாயத்தைச் சரியாகக் காட்டாத விளக்கில் அந்தச் சிக்கனம் செல்லாது. தையல் தொழில் செய்கிறவர்களுக்கும், நூல் நிறம் பார்க்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

அடுப்படிக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் 4000 கெல்வின் பொருத்தம். அடுப்படியில் நிறத்தைவிட இடம்தான் பெரிய குறை. டியூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருக்கும். காய் நறுக்கும்போது நம் தலையின் நிழல் நம் கைமேலேயே விழும். பரணுக்கோ அலமாரிக்கோ கீழே சிறு எல்.ஈ.டி. பட்டை ஒன்றை வைத்தால் அரிசியில் கல் பார்ப்பதும் எளிது, விரல் நறுக்குப்படுவதும் குறையும். பூஜை அறைக்கு 2700 கெல்வின். பித்தளை விளக்கின் சுடரோடு அது இணைந்து போகும்.

வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் வயலை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு ஐப்பசி மழையில் ஈசல் தொல்லை தெரியும். நீலம் கலந்த வெள்ளை பூச்சிகளை அதிகம் இழுக்கும், மஞ்சள் குறைவாக இழுக்கும். வாசல் விளக்கை மஞ்சளாக்கினால் சாப்பாட்டுத் தட்டில் விழும் ஈசல் முழுக்க நின்றுவிடாது, கண்கூடாகக் குறையும்.

சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் மூன்று நிறங்களில் மாறும் விளக்கை இப்போது பலர் கேட்கிறார்கள். ஒரு விளக்கு மட்டும் உள்ள இடத்தில் அது நன்றாகவே பயன்படுகிறது. ஃபால்ஸ் சீலிங்கில் எட்டு பத்து வரிசையாகப் போட்டால், இரண்டு முறை கரண்ட் போய் வந்ததும் ஒன்று மஞ்சளாகவும் பக்கத்தில் இன்னொன்று வெள்ளையாகவும் நிற்கும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

25,000 மணி நேரம் உழைக்கும் என்று எழுதியிருக்கிறதே, ஒரு வருடத்தில் போய்விட்டதே என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வெப்பம். சில்லு சீக்கிரம் சாகாது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன சர்க்யூட்டில் உள்ள கெப்பாசிட்டர்தான் சூட்டில் வற்றிப்போகும். நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் கோடையில், தகர ஷீட்டை ஒட்டியோ காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவைக்குள்ளோ பல்பைப் போட்டால் அது சீக்கிரம் போகத்தான் செய்யும். மலிவு பல்பின் இன்னொரு குறை, கண்ணுக்கு நேராகத் தெரியாத துடிப்பு. மின்சாரத்தின் ஐம்பது சுழற்சிக்கேற்ப ஒளி நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். தலைவலியும் கண் சோர்வும் சிலருக்கு அதனால் வருகின்றன. கைப்பேசி கேமராவை விளக்குக்கு அருகே பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். பெட்டியில் ஐ.எஸ். 16102 என்ற எண்ணும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாத பல்பை வாங்கவே வேண்டாம்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.ஈ.டி. பல்பு மெல்ல ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது, அல்லது விட்டுவிட்டு மினுக்குகிறது என்று பலர் அழைக்கிறார்கள். சுவிட்சிலேயே சிறு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியே கசியும் மின்சாரம் காரணமாக இருக்கலாம். நீண்ட தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் ஒயர்களாலும் வரும். மூன்றாவது காரணம் ஆபத்தானது: மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் ஒயரில் இருக்க வேண்டிய சுவிட்ச், அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் இருப்பது. மாசி வீதிகளுக்கு உள்ளே, பாகம் பிரித்தபோதெல்லாம் ஆளுக்கொருவர் ஒயரை நீட்டிய பழைய வீடுகளில் இதை அடிக்கடி காண்கிறேன். சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். ஈரத் தரையில் அலுமினிய ஏணி போட்டு பல்பு மாற்றுகிறவரின் உயிருக்கே அது கேடு. பல்பை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து, சுவிட்சை அணைத்த நிலையில் ஹோல்டரில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எரிந்தால் அன்றே ஒயரை மாற்றி இணைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாதவர்களும் உண்டு. அவர்களிடம் நான் முதலில் மாற்றச் சொல்வது இரவு விளக்கு. ஜீரோ வாட்ஸ் பல்பு என்று நாம் சொல்லும் பழைய பல்பு உண்மையில் பதினைந்து வாட்ஸ் அளவுக்கு இழுக்கும். விடிய விடிய எரிவதும் அதுதான். அதற்குப் பதில் வாங்கும் அரை வாட்ஸ் எல்.ஈ.டி.யிலும் நீலத்தைத்தான் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள், குளிர்ச்சியாக இருக்கிறது என்று. தூங்கும் அறைக்கு நீலம்தான் மிகவும் பொருந்தாத நிறம். ஆரஞ்சோ சிவப்போ கேட்டு வாங்குங்கள். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில், முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள பிளக்கில் அதைச் சொருகிவிடுங்கள். நள்ளிரவில் எழுந்து போகும் பெரியவருக்குத் தரை தெரியும், திரும்பி வந்து படுத்தால் தூக்கமும் கலையாது.