குடும்பப் பெயரைத் தேடாதீர்கள், கல்யாணத்தைத் தேடுங்கள்

கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் குடும்பங்களுக்குப் பூர்விகத்தைத் தேடித் தருவது என் பிழைப்பு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து கிரீன்வுட் என்ற குடும்பப் பெயர்கொண்ட பெரியவர் ஒருவர் வந்தார். ஆறு ஆண்டுகளாக இங்கிலாந்துப் பதிவுகளைத் துழாவிக் களைத்துப்போனவர். பேச்சுவாக்கில், தன் தாத்தா ஜெபமாலையைப் பிரெஞ்சில்தான் சொல்வார் என்றார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

அவர்கள் புவாவேர் குடும்பம். பிரெஞ்சில் புவா என்றால் மரம், வேர் என்றால் பச்சை. (வேரைத் தேடி வந்தவருக்கு 'வேர்' கிடைத்தது, இந்தச் சிலேடையை அவருக்கு விளக்க என்னால் முடியவில்லை.) 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலுள்ள பஞ்சாலைகளுக்குப் போன லட்சக்கணக்கான கியூபெக்காரர்களில் பலர் இப்படித்தான் பெயரை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து மாற்றிக்கொண்டார்கள். லெப்லான் ஒயிட் ஆனார். ருவா கிங் ஆனார்.

எல்லை தாண்டாதவர்களின் பெயரும் நிலையாக நின்றதில்லை. நம் பத்திரங்களில் 'முருகேசன் என்கிற ராஜா' என்று எழுதுவோமே, அந்த 'என்கிற'வுக்குப் பிரெஞ்சில் 'டி'. 1665இல் பிரான்ஸிலிருந்து வந்த காரிஞான்-சாலியேர் படையினரில் பலருக்குப் பட்டப்பெயர் இருந்தது: பூ என்று பொருள்படும் லாஃப்ளர், கவலையில்லாதவன் என்ற சான்சூசி. ஊரில் தங்கிவிட்டவர்களின் பட்டப்பெயர் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரே வீட்டில் மூத்தவன் பழைய பெயரையும் இளையவன் பட்டப்பெயரையும் வைத்துக்கொள்வான். 1896 முதல் 1911 வரை கனடாவின் பிரதமராக இருந்த வில்ஃபிரிட் லோரியேயின் மூதாதை, கொத்தினோ என்கிற ஷாம்லோரியே. லோரியே என்று மட்டும் தேடினால் பாதி வழியில் சுவரில் முட்டிக்கொள்வீர்கள்.

அதனால்தான் கல்யாணப் பதிவைத் தேடச் சொல்கிறேன். ஓலை (தேவாலயத்தில் சொல்லும் கல்யாண அறிவிப்பு) வாசித்த விவரத்துக்குப் பிறகு, பங்குச் சாமியார் மணமக்கள் இருவரின் தாய் தந்தை பெயரையும் எழுதியிருப்பார். தாயின் பெயர் அவள் பிறந்த வீட்டுப் பெயராகவே இருக்கும். பதிவேட்டில் மனைவி கணவன் பெயருக்குள் கரைந்துபோவதில்லை. (1981 முதல் கியூபெக்கில் அதுவே சட்டமும்கூட.) அந்தப் பெற்றோரின் கல்யாணத்தைத் தேடினால் அடுத்த படி. இப்படியே 17ஆம் நூற்றாண்டு வரை இறங்கிவிடலாம். பதிவேட்டை இரண்டு பிரதிகளாக எழுதி ஒன்றை அரசிடம் ஒப்படைக்கும் வழக்கம் இருந்ததால், தேவாலயம் எரிந்த ஊர்களிலும் பெரும்பாலும் ஒரு பிரதி தப்பியிருக்கிறது.

ஞானஸ்நானப் பதிவில் கவனம் தேவை. பையன்களுக்கு முதலில் ஜோசப், பெண்களுக்கு முதலில் மரி என்று வைப்பது வழக்கம். கூப்பிடும் பெயர் கடைசியில்தான் வரும். ஒரு பிள்ளை இறந்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். செத்த குழந்தைக்குக் கல்யாணம் செய்துவைத்த வம்ச மரங்களை இணையத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு மயக்கம், 'அரசனின் மகள்கள்'. 1663 முதல் 1673 வரை பிரான்ஸிலிருந்து வந்த ஏறத்தாழ 800 பெண்களை அப்படி அழைப்பார்கள். பாட்டி இளவரசி என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பலர் தகப்பனை இழந்த ஏழைப் பெண்கள். கப்பல் செலவை அரசன் ஏற்றான், அவ்வளவுதான்.

கிரீன்வுட் பெரியவருக்கு நான்கு தலைமுறை தடையில்லாமல் ஓடியது. ஐந்தாவதில் மணமகனின் பெற்றோர் பெயரே இல்லை. அவர் மனைவியை இழந்தவர். மறுமணப் பதிவில் சாமியார்கள் பெற்றோரை விட்டுவிட்டு, இறந்த துணையின் பெயரை மட்டும் எழுதுவது உண்டு. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு முதல் கல்யாணத்துக்குப் போனேன். பெற்றோர் இருந்தார்கள். மணமகனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்ற குறிப்பும் இருந்தது. தகப்பன் பெயர் இருந்த இடத்தில் சாமியார் எழுதியிருந்தது: தெனவேர் என்கிற புவாவேர்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் புவாவேரும் எங்கள் பெயரில்லையா?" என்றார்.