சுட்ட பீட்ரூட் சாலட்: ருசியும் கெடக்கூடாது, வயிறும் கெடக்கூடாது

தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்துக் குளிரில் விளையும் பீட்ரூட், கிருஷ்ணகிரி, தர்மபுரி உழவர் சந்தைகளுக்குச் சில நாட்களில் இலையோடே வருகிறது. வீட்டில் அதற்குப் பெரும்பாலும் இரண்டே வழிதான்: துருவிப் பொரியல், இல்லாவிட்டால் ஜூஸ். ஏர் ஃபிரையரும் ஓ.டி.ஜி. எனும் சிறிய மின்சார அவனும் வந்த பிறகு, பீட்ரூட்டைத் தோலோடு சுட்டு, ஆறவைத்து, குளிர்ச்சியாகத் தொட்டுக்கொள்ளும் சாலட்டையும் பலர் செய்து பார்க்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஊட்டச்சத்து ஆலோசனையில் இதைப் பரிந்துரைக்கும்போது செய்முறையை மட்டும் சொல்லி நாங்கள் விட்டுவிடுவதில்லை. பொரியலை அடுப்பிலிருந்து இறக்கியதும் சாப்பிட்டுவிடுகிறோம். சாலட்டுக்குச் சுடுவதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவில் பல மணி நேரம் இருக்கிறது. கெடுவது அந்த இடைவெளியில்தான்.

காய் வாங்கும்போது

உள்ளங்கையில் அடங்குகிற அளவு, அதாவது 100 முதல் 125 கிராம் வரை உள்ள காய்களாக, எல்லாம் ஒரே பருமனில் எடுங்கள். சின்னதும் பெரியதும் கலந்து சுட்டால் ஒன்று குழைந்திருக்கும், இன்னொன்று நடுவில் நறுக்கென்று நிற்கும். 250 கிராமுக்கு மேல் போன காயில் நடுப்பகுதி நார் பாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு நேரம் சுட்டாலும் அது மெத்தென்று ஆகாது.

வெட்டும்போது வெள்ளை வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். காய் வெயிலில் வளர்ந்திருந்தால் வளையம் எடுப்பாகத் தெரியும். நிறமும் இனிப்பும் சற்றுக் குறையும், அவ்வளவுதான். உள்ளே கறுப்புத் திட்டு இருந்தால் அது பெரும்பாலும் நிலத்தில் போரான் சத்துக் குறைவு. அந்த இடத்தை மட்டும் செதுக்கி எறிந்துவிடலாம். கொழகொழவென்று வாடை அடித்தால் முழுக் காயையும் போட்டுவிடுங்கள்.

கழுவும்போது மண் போகத் தேய்த்தால் போதும், தோலைச் சீவக்கூடாது. காம்பில் 2 சென்டிமீட்டர் விட்டு இலையை வெட்டுங்கள். வால் வேரைத் தொட வேண்டாம். வெட்டுப்பட்ட இடம் வழியாகத்தான் நிறமும் இனிப்பும் வடியும். வடிந்த இனிப்பு பாத்திரத்தின் அடியில் கருகி, காய் முழுவதும் கசப்பு வாடை ஏறிவிடும்.

சுடுவது

நான்கு பேருக்கு அரை கிலோ காய் போதும். சுட்டுத் தோல் நீக்கினால் சுமார் 400 கிராம் நிற்கும்.

ஓ.டி.ஜி. என்றால் 200 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடேற்றிவிட்டு, காய்களை அலுமினியத் தாளில் தளர்வாகச் சுற்றி, உள்ளே இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து 50 முதல் 60 நிமிடம் வையுங்கள். எலுமிச்சைச் சாறு, உப்பு, புளி எதையும் தாளுக்குள் சேர்க்காதீர்கள். புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும். ஏர் ஃபிரையரில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும்.

இரண்டும் இல்லாத வீட்டில் அடிகனமான இரும்புக் கடாய் போதும். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, ஈரம் துடைத்த காய்களைத் தோலோடு அடுக்கி, கனமான தட்டால் மூடி, மிதமான தீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். தோல் இருப்பதால் உள்ளே உப்புக் கரிக்காது. அந்த உப்பையே ஆறவைத்துச் சலித்து அடுத்த முறையும் சுட வைத்துக்கொள்ளலாம். விறகடுப்புள்ள வீட்டில் தணலில் புதைத்தும் சுடலாம். கொழுந்துவிட்டு எரியும் தீயில் வேண்டாம், தோல் கரியாகும், உள்ளே பச்சையாகவே இருக்கும்.

எல்லா முறைக்கும் சோதனை ஒன்றுதான். மெல்லிய கத்தியை நடுவில் செருகினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். "கொஞ்சம் நறுக்கென்று இருக்கட்டும், ஊறினால் சரியாகிவிடும்" என்று எடுத்துவிடுவதுதான் பலரும் சறுக்கும் இடம். சரியாகாது. புளிப்பு சேர்ந்தால் காயின் நார்ச்சுவர் இறுகும். எலுமிச்சை பிழிந்த பிறகு வேகாத காய் வேகாததுதான்.

வேகவைக்காமல் ஏன் சுட வேண்டும்? தண்ணீரில் நிறமும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் பொட்டாசியமும் கரைந்து போகும், சுட்டால் பெரும்பாலும் காயிலேயே நிற்கும். நம் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில், அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், சமைக்க போர் தண்ணீர் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகளில் காயை அந்தப் போர் தண்ணீரில் வேகவைப்பதைவிடச் சுடுவது நல்லது. ஒரு காயைச் சுட்டுச் சாப்பிடுவதால் ஃபுளோரைடு பிரச்சினை தீர்ந்துவிடாது. சமையலுக்கும் ஒகேனக்கல் நீரையே எடுப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது.

ஆறவைப்பதில் நடக்கும் தப்பு

சுட்ட காயைத் தாளோடு அப்படியே மேடையில் வைத்துவிட்டு, காலையில் எடுத்து உரிக்கலாம் என்று படுக்கப் போவது ஆபத்து. பீட்ரூட்டில் புளிப்பு மிகக் குறைவு. மண்ணில் வளர்ந்த காயில் கிளாஸ்ட்ரிடியம் கிருமியின் வித்துகள் இருக்கலாம், அவை சூட்டில் சாவதில்லை. இறுக்கமான தாளுக்குள் காற்றில்லாத, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கை அப்படியே வெளியில் வைத்துச் சாப்பிட்டதால் போட்டுலிசம் என்ற உணவு நச்சு நோய் வந்தது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தானது. வாடையிலோ ருசியிலோ காட்டிக்கொடுக்காது.

ஆகவே அடுப்பை அணைத்ததும் தாளைப் பிரித்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து, கை பொறுக்கும் சூட்டில், துணியால் பிடித்துத் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். முழுக்க ஆறவிட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், கத்தியால் சீவ வேண்டியிருக்கும், காயும் வீணாகும். உரித்த காயை அரை அங்குலத் துண்டுகளாக்கி அகலமான தட்டில் பரப்பினால் அரை மணியில் ஆறிவிடும். பிறகு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சமைத்த காய் வெளியில் இருக்கலாம் என்பது அதிகபட்சம் இரண்டு மணி நேரம். சித்திரை வெயிலில், வீட்டுக்குள்ளேயே 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில், ஒரு மணி நேரம்தான். மின்சாரம் போய் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் தயிர் கலந்த சாலட்டைச் சாப்பிட வேண்டாம். எதுவும் கலக்காத துண்டுகள் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், எலுமிச்சை கலந்தது இரண்டு நாள், தயிரோ பச்சை வெங்காயமோ சேர்ந்தது அன்றைக்கே முடிய வேண்டும்.

இது அடுப்புக்குத் திரும்பாத பண்டம். கொத்தமல்லி, வெங்காயம், பச்சை மிளகாயில் ஒட்டியிருப்பது எதுவோ அது நேராக வாய்க்குத்தான் போகும். தொட்டித் தண்ணீரில் அலசுவது போதாது. முதல் அலசு எந்த நீரிலும் இருக்கட்டும், கடைசி அலசு கொதித்து ஆறிய நீரில் அல்லது குடிநீரில். கோழி வெட்டிய பலகையில் இதை நறுக்கவே கூடாது.

கலக்கும் வரிசை

400 கிராம் துண்டுக்கு ஒரு பெரிய எலுமிச்சையின் சாறு (சுமார் இரண்டு மேசைக் கரண்டி), முக்கால் டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் வறுத்துப் பொடித்த சீரகம், அரை டீஸ்பூன் மிளகுத்தூள், இரண்டு டீஸ்பூன் கடலை எண்ணெய், பொடியாக அரிந்த எட்டு சின்ன வெங்காயம், ஒரு பிடி கொத்தமல்லி, ஒன்றிரண்டாக இடித்த வறுத்த நிலக்கடலை 40 கிராம். ஆளுக்குச் சுமார் ஒரு கிராம் உப்பு வரும். நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இதுவே ஐந்தில் ஒரு பங்கு, அதனால் ஊறுகாயை அன்றைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

எலுமிச்சையும் உப்பும் சீரகமும், ஃபிரிட்ஜுக்குப் போகும் முன், காய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சேர வேண்டும். அப்போதுதான் உள்ளே இறங்கும். எண்ணெயை முதலில் ஊற்றினால் துண்டின் மேல் படலம் போட்டுப் புளிப்பை உள்ளே விடாது, ஆகவே எண்ணெய் அதற்குப் பிறகு. பலருக்குப் பிடிக்காத அந்த மண் வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். புளிப்பு அதைச் சிதைத்துவிடும். எலுமிச்சையில் கஞ்சத்தனம் பண்ணினால் "மண்ணைத் தின்ன மாதிரி இருக்கு" என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளத்தான் செய்வார்கள்.

நெய்யிலோ தேங்காய் எண்ணெயிலோ தாளித்துக் கொட்டாதீர்கள். ஃபிரிட்ஜில் அது மெழுகுபோல் உறைந்து நாக்கில் ஒட்டும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் சரி. வெங்காயமும் கடலையும் பரிமாறும்போதுதான். முன்பே போட்டால் வெங்காயம் நீர்விடும், கடலை நமுத்துப்போகும். இரும்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் நிறம் மங்கும். எவர்சில்வர், கண்ணாடி, மண் சட்டி நல்லது. குளிர்ச்சி உப்பையும் இனிப்பையும் நாக்குக்குக் குறைத்துக் காட்டும் என்பதால், சாப்பிடக் கால் மணி முன்பே வெளியில் எடுத்து, அப்போது ருசி பார்த்து உப்பைச் சரிசெய்யுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வோம்: காலா நமக் என்று விற்கும் கறுப்பு உப்பும், அது கலந்த சாட் மசாலாவும். யூடியூப் சாலட் குறிப்புகளில் பாதிக்கு மேல் இது இருக்கிறது. கறுப்பு உப்பில் ஃபுளோரைடு அதிகம். தண்ணீரிலேயே அது கூடுதலாக இருக்கும் ஊர்களில், பல்லில் பழுப்புக் கோடுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில், ருசிக்காக அதை மேலும் ஏற்ற வேண்டியதில்லை.

கெட்டித் தயிர் 150 மில்லி சேர்க்கலாம். மொத்தமாகக் கலந்தால் ரோஸ் நிறக் குழம்பாகிவிடும். தட்டில் தயிரைப் பரப்பி அதன்மேல் காயை வையுங்கள். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. பீட்ரூட்டில் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்ஸலேட் கூடுதல். தயிரின் கால்சியம் அதைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு வெளியேற்ற உதவும்.

களிக்குத் தொட்டுக்கொள்வதாக இருந்தால் துண்டை இன்னும் பொடியாக, கால் அங்குலத்துக்கு நறுக்குங்கள். களியை மெல்லாமல் விழுங்கும் பழக்கத்தில் வாய் காயையும் மெல்ல மறந்துவிடும், வயதானவர்களுக்குத் தொண்டையில் சிக்கும். சாமைச் சோறு, சப்பாத்தி, தயிர்ச்சோற்றுக்கு அரை அங்குலத் துண்டே நன்றாக இருக்கும்.

"ரத்தம் ஊறும்" என்பது பற்றி

100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை, சுமார் 0.8தான். வயதுவந்த பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை. நாம் தினம் தின்னும் கேழ்வரகில்கூட 100 கிராமுக்கு நான்கரை மில்லிகிராம் இருக்கிறது. காயின் சிவப்புக்குக் காரணம் பீட்டாலைன் என்ற நிறமி. ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பீட்ரூட் தருவது ஃபோலேட், 100 கிராமில் சுமார் 80 மைக்ரோகிராம். அதற்கும் ரத்த உற்பத்தியில் பங்கு உண்டு. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு ஃபோலிக் மாத்திரைக்குப் பதிலாக இதைச் சாப்பிடும் கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபின் ஏறாது. சாலட்டின் எலுமிச்சை, சாப்பாட்டில் உள்ள மற்ற இரும்பு உடலில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த உதவியும் வீண். ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள்.

மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம். நூற்றில் பத்துப் பேருக்கு மேல் இப்படி ஆகும்; இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்குக் கூடுதலாகத் தெரியும். பீட்ரூட்டை நிறுத்தி இரண்டு நாளாகியும் சிவப்புப் போகவில்லை என்றால் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் 75 முதல் 100 கிராம் வரை சாப்பிடலாம், ஜூஸ் வேண்டாம். அதற்கேற்பக் களியிலோ சோற்றிலோ ஒரு கைப்பிடி குறையட்டும். ஆக்ஸலேட் கல் வந்தவர்கள் எப்போதாவது, அதுவும் தயிரோடு மட்டும். டயாலிசிஸ் செய்பவர்களும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் இந்தச் சாலட்டைத் தொட வேண்டாம்: சுடும்போது பொட்டாசியம் காயிலேயே தங்கிவிடுகிறது என்று மேலே சொன்னது இவர்களுக்குப் பாதகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு பீட்ரூட் மசியலோ சாறோ கூடாது. இதில் நைட்ரேட் அதிகம். மசித்த காய் வெளியில் கிடந்தால் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும், பிஞ்சுக் குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்க முடியாமல் உதடு நீலம் பாரிக்கலாம். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கும் அன்றன்றைக்கு மசித்ததை மட்டும் கொடுங்கள்.

வெட்டிய இலையைக் குப்பையில் போடாதீர்கள். இரும்பு அதில்தான் கூடுதல், 100 கிராமில் இரண்டரை மில்லிகிராம் அளவுக்கு. ஆக்ஸலேட்டும் அதில் அதிகம் என்பதால், கல் வந்தவர்களுக்கு இதுவும் வேண்டாம். மற்றவர்களுக்குக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, நீரை வடித்துவிட்டு, பூண்டு தட்டிப்போட்டு வதக்கி, அன்றைய களிக்குக் கீரையாக வையுங்கள்.